எர்கோலேவின் காது

ரொக்காமாரா என்கிற கடலோர ஊரில் ஓபரா பாட வருகிற எவரையும், அவர் எத்தனை பெரிய பாடகராக இருந்தாலும், வேறு ஊரில் சீமாட்டிகள் மயங்கி விழுந்த குரலாகவே இருந்தாலும், மேடைக்குப் போகும் கதவின் நிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்துத் தலைக்கு மேலே சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். பாடி முடித்துத் திரும்பும்போது அதே நிலையில் மறுபடி நிற்கவைத்து இன்னொரு கோடு போடுவார்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அந்த ஆள் பிழைத்தான், இனி இத்தாலியில் எந்த அரங்கும் அவனை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாகக் கூப்பிடும். இரண்டாவது கோடு கீழே இறங்கிவிட்டால், உடுப்பு அறையிலிருந்து கத்தரிக்கோலும் ஊசியுமாக ஃபௌஸ்தா வந்து சட்டைக் கையைச் சுருக்கித் தைத்துக் கொடுப்பாள். அதெப்படி ஆள் குள்ளமாவான் என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

அந்த அரங்கைக் கட்டியவர்கள் ஊரின் பணக்காரக் குடும்பத்தார். ஒருவர் நகையை இன்னொருவர் பார்க்க ஓர் இடம் வேண்டும், அதற்குச் சாக்காக யாராவது பாடிக்கொண்டிருந்தால் நல்லது என்று நினைத்து, குதிரை லாடம் போல வளைத்து, அடுக்கடுக்காகத் தனி மாடங்கள் வைத்து, மாடத்துக்கு ஒரு பூட்டு, குடும்பத்துக்கு ஒரு சாவி, சுவரெல்லாம் சிவப்பு வெல்வெட், தூணெல்லாம் தங்கப்பூச்சு, கூரையில் மேகத்தின்மேல் சாய்ந்த கொழுகொழு தேவதைகள் என்று இழைத்தார்கள். கூரைக்குக் கீழே மிஞ்சிய பொந்தில் வெறும் பலகைகளைப் போட்டு ஏழைகளுக்கென்று ஒரு கேலரியும் விட்டார்கள். வெல்வெட்டின்மேல் மீன்வாடை ஒட்டக்கூடாது என்று அதற்கு மீன்சந்துப் பக்கமாகத் தனிப் படிக்கட்டு. ஆனால் கூரையை வளைத்தவனுக்குக் கணக்குத் தப்பியதோ, கடவுளுக்குத்தான் ஓரவஞ்சனையோ, மேடையில் எழுந்த சத்தமெல்லாம் மாடங்களைத் தாண்டி நேராக மேலே போய் அந்தப் பலகைகளில் விழுந்தது. கீழே காட்சி, மேலே காது என்றாகிவிட்டது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மாடத்துச் சீமாட்டிகள் விசிறி மறைவில் கேலரியின் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். மேலே தட்டினால் இவர்களும் தட்டுவார்கள், மேலே விசிலடித்தால் இவர்கள் சிரிப்பார்கள். கைதட்டோ விசிலோ, இரண்டில் ஒன்று வரும்வரை பாடியவர் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. வாயால் சொல்லும் பாராட்டை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை.

முதன்முதலில் குள்ளமானவன் வடக்கேயிருந்து வந்த ஒரு பாடகன். யானைக்கும் அடி சறுக்கும்; அவனுக்கு உச்சத்தில் ஒரு சுரம் சறுக்கியது. கேலரியின் இரும்புக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்த கசாப்புக்காரர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார், பின்னாலேயே மொத்தக் கேலரியும் அடித்தது, விசில் ஓய்ந்தபோது பாடகனின் முழங்கால் பூட்ஸ் தொடைவரை ஏறியிருந்தது, தொப்பி காதை மூடியிருந்தது. யாரும் அலறவில்லை. மாடத்தில் ஒரு சீமாட்டி கணவனிடமிருந்து தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஓபராவைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் அந்த ஊரில் இல்லாததால் வாத்தியக் குழுவை நடத்திய மாஸ்ட்ரோ கோலை ஆட்டிக்கொண்டே இருந்தார், கதாநாயகி கொஞ்சம் குனிந்து அவனைக் கட்டிக்கொண்டு செத்தாள், திரை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார், ஆள் சிறுப்பதற்கு எதிராக வேதத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றார். ரயில்வேக்காரர்கள் அந்தப் பாடகனுக்கு அரை டிக்கெட் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் பாடகர்கள் வராமல் போவார்கள் என்று பார்த்தால் இரண்டு மடங்கு வந்தார்கள், ஏனென்றால் ரொக்காமாராவில் உயரம் குறையாமல் திரும்பியவன் என்ற பெயர் வேறெங்கும் கிடைக்காது. விரற்கடை குறைந்தவர்கள் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். ரோஷத்தில் மறுபடி மறுபடி மேடையேறியவர்கள் முழமாகி, சாணாகி, கட்டைவிரலாகி, போக இடமில்லாமல் ஊரிலேயே தங்கினார்கள். ஊர் அவர்களைக் கைவிடவில்லை. முடிதிருத்துகிறவர் ஒரு காலி சோப்புப் பெட்டியில் கனத்த குரல் பாடகர் ஒருவரை வைத்திருந்தார். முகம் மழிக்க வருகிறவர்கள் காதருகே பெட்டியைப் பிடித்துக் கேட்கலாம். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வைக்கும் குடிலில் மண்பொம்மை இடையர்களை எடுத்துவிட்டு இவர்களை நிறுத்தினார்கள். மெழுகுவர்த்திச் சூட்டில் வியர்க்க வியர்க்க அவர்கள் பாடுவதைப் பார்க்கக் குழந்தைகள் முண்டியடிப்பார்கள். நம் பேச்சு அவர்களுக்கு இடி உருளுவது மாதிரிதான் கேட்கும், ஒரு வார்த்தை புரியாது. கைதட்டும் விசிலும் மட்டும் பிடிபடும். கைதட்டினால் திரும்ப வளர்வார்களோ என்று ஊர்கூடி ஒருநாள் மதியம் முழுக்கத் தட்டிப் பார்த்தார்கள். கைதட்டி யாரும் வளரவில்லை.

அந்த முதல் விசிலை அடித்த கசாப்புக்காரரின் மகன்தான் எர்கோலே. அப்பாவிடமிருந்து கடையும், கேலரியில் கம்பியோர இடமும், இரண்டு விரல் விசிலும் அவருக்கு வந்தன. அவர் விசிலடிக்காமல் கேலரி அடிக்காது, அவர் தட்டாமல் தட்டாது. பாடகர்கள் கொடுத்தனுப்பும் ஒயினையும் பாலாடைக்கட்டியையும் வாசலோடு திருப்பி அனுப்புவார். சொந்த மச்சினன் கூட்டுப்பாட்டில் பிந்தியபோது விசிலடித்து அவனை ஒரு சாண் இறக்கினார், அதன்பிறகு பண்டிகை விருந்தில் அவனுக்கு நாற்காலியில் தலையணை போட வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள்; எர்கோலே காதும் வேறு என்பார். கடையிலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் கறி வாங்க வந்தால் தராசில் ஒரு துண்டைக் குறைத்தே போடுவார். சொந்தமென்று தாராளமாகப் போட்டுவிட்டான் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்பதற்காகக் கை தானாகவே அந்தத் துண்டை எடுத்துவிடும். ஊர் இதைத்தான் நேர்மை என்றது, அவரும் அப்படியே நம்பினார்.

உடுப்பு அறை ஃபௌஸ்தா அவருடைய மனைவி. இவர் மேலே விசிலடிப்பார், அவள் கீழே சுருக்கித் தைப்பாள். வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அவர்களுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் நெரினா. கொக்கியில் தொங்கும் ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடியே வளர்ந்தாள். எர்கோலே கறி வெட்டிக்கொண்டே கேட்பார். சரியாகப் பாடினால் ஒன்றும் சொல்ல மாட்டார். சுரம் பிசகினால் கத்தியின் பிடியால் வெட்டுக்கட்டையில் டொக் என்று ஒரு தட்டு. தட்டினால் முதலிலிருந்து பாட வேண்டும். பெரிய பிசகென்றால் விடாமல் தட்டுவார், வாடிக்கையாளர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். ஒருநாளாவது அப்பா தனக்குக் கைதட்ட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆசை கிடையாது. வேறு பிள்ளைகள் பொம்மை கேட்கும் வயதில் அது இதைத்தான் கேட்டது, எர்கோலே சிரித்துக்கொண்டே, "கேலரியிலதாண்டி நான் தட்டுவேன். அங்க வந்து பாடு," என்றார்.

வந்துவிட்டாள். வேறு நகரத்தில் பாட்டு படித்து முடித்து, அங்கேயே ஓர் அரங்கில் நல்ல வேலை வந்தும் உதறிவிட்டு, ரொக்காமாராவில் பாடுகிறேன் என்று வந்து நின்றாள். அரங்கை நடத்திய சில்வானோ என்கிற ஆள், "உன் பொண்ணைப் போய் இந்த மேடையில ஏத்தறதுக்கு எனக்கே மனசு வரல எர்கோலே," என்று மூக்கை உறிஞ்சினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அன்று காலையே அவன் சுவரொட்டிகளுக்குச் சொல்லியிருந்தான். அப்பன் விசிலடிப்பானா மாட்டானா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பந்தயம் கட்டியது. பந்தயத்தில் கோழிகள் கைமாறின. பெரிய குடும்பங்கள் தூசி படிந்த சாவிகளைத் தேடி எடுத்தன.

பெரிய நாளுக்கு முந்தின மதியம் சாப்பாட்டு மேஜையில் ஃபௌஸ்தா தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"எர்கோலே, கல்யாணமானதிலேர்ந்து நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நாளைக்கு ஒருநாள் நீ மேல போகாத."

"நான் போகலைன்னா என்ன நினைப்பாங்க? பொண்ணு பாட்டு சரியில்ல, அதான் அப்பன் பதுங்கிட்டான்னு நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். நினைச்சா யாரும் குள்ளமாக மாட்டாங்க."

"தப்பில்லாமப் பாடினா அவளுக்கு என்ன பயம்? எதுக்கு விசில் வரப்போவுது?"

"உன் மச்சினன் இன்னும் தலையணை மேல உக்காந்துதான் சாப்பிடறான்," என்றாள் ஃபௌஸ்தா.

நெரினா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா வரட்டும்மா," என்றாள். "அப்பா இல்லாத கேலரி கைதட்டினா அது எனக்கு எதுக்கு? அதுக்கு நான் அங்கேயே இருந்திருப்பேனே." அப்புறம் அப்பாவின் கைமேல் கைவைத்து, "தப்பில்லாமப் பாடறேன்ப்பா," என்றாள். எர்கோலே அவளை உயிராக நேசித்தார், இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்ததைப் பார்த்து நேசிக்கவில்லை என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள்.

மறுநாள் நிலையில் கோடு போட்டார்கள். நெரினா நல்ல உயரம், கோடு பல ஆண்களின் கோட்டுக்கு மேலே நின்றது. முதல் அங்கம், இரண்டாம் அங்கம் எல்லாம் பிறர் பாட்டு. மூன்றாம் அங்கத்தில்தான் அவளுடைய தனிப்பாட்டு, காதலன் ஏறிப்போன கப்பலை நோக்கிக் கரையில் நின்று பாடுவது, கடைசியில் ஒரே சுரத்தை மூச்சு உள்ளவரை பிடித்து நிற்க வேண்டும். பிடித்தாள். அந்தச் சுரம் மாடங்களைத் தாண்டி மேலே வந்தது, பலகைகளில் விழுந்தது, கேலரியில் மீன்காரர்களும் சலவைக்காரிகளும் மூச்சுவிட மறந்தார்கள், எர்கோலேவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அவருக்கே தெரியாமல் அவருடைய இரண்டு கையும் தட்டுவதற்காக எழுந்தன. சுரம் முடிந்தது. நெரினா வழக்கப்படி தலைகுனிந்து நின்றாள்.

எழுந்த கைகளோடு எர்கோலே சுற்றிப் பார்த்தார். ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. கேலரி முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே மாடங்களில் தூரக்கண்ணாடிகள் எல்லாம் மேல்நோக்கித் திரும்பியிருந்தன. அந்தக் கண்ணாடிகள் அதற்குமுன் ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துல்லியோ, அவருக்கு அடுத்த இடத்துக்காரன், நண்டு விற்பவன், உதட்டோரம் சிரித்து, "தட்டு தட்டு. பெத்தவன் தட்டாம வேற யார் தட்டுவா?" என்றான்.

எர்கோலேவின் கை அந்தரத்தில் நின்றது. சுரம் சரி என்று காது சொன்னது. ஆனால் அது அப்பன் காதாயிற்றே, கொஞ்சம் தாராளமாகத்தானே கேட்டிருக்கும், அந்தத் தாராளத்தைக் கழிக்க வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியது. தராசிலிருந்து அந்த ஒரு துண்டை எடுத்தார். எடுத்த பிறகு பார்த்தால் சுரம் ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. தாழ்ந்துதான் இருந்தது, இப்போது அவருக்கே அது நிச்சயமாகக் கேட்டது. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

பல நாளாக அடக்கிவைத்திருந்த ஊர் வெடித்தது. கேலரி அடித்தது, நிற்க இடமில்லாமல் படிக்கட்டில் நின்றவர்கள் அடித்தார்கள், இரக்கத்தோடு வந்திருந்தவர்கள்கூட வாயில் விரல் வைத்தார்கள், அத்தனை நீளமான விசில் அந்த அரங்கில் அதுவரை கேட்டதில்லை. கீழே நெரினா தலையை நிமிர்த்தி அப்பாவையே பார்த்துக்கொண்டு சிறுத்தாள். பார்த்தபடியே தோள் இறங்கியது, கழுத்துப்பட்டிக்குள் முகம் இறங்கியது, நின்றிருந்த பட்டு உடுப்பு ஆள் இல்லாமல் மெல்ல அமர்ந்து தரையில் பரவியது. மாஸ்ட்ரோ அடுத்த பாட்டுக்குக் கோலை உயர்த்தினார்.

ஆனால் அவரால் தொடங்க முடியவில்லை, ஏனென்றால் அரங்கமே எழுந்துவிட்டது. மாடத்துக் குடும்பங்கள் எல்லாம் மேடைக்கு முதுகைக் காட்டி, கேலரியை அண்ணாந்து பார்த்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கைதட்டின. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட ராஜாவை நமக்குத் தெரியும். அவனையாவது அழுத பசு ஒன்று கேட்டது, இவரை எந்த மாடும் கேட்கவில்லை. "எர்கோலே! எர்கோலே!" என்று வாயாலும் கத்தினார்கள். துல்லியோ அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். இதெல்லாம் தனக்கா என்று முதலில் விழித்த எர்கோலே, பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கினார். வணங்கினார் என்பதுதான் சொல்லவே கூசுகிறது, ஆனால் வணங்கினார்.

ஃபௌஸ்தா கத்தரிக்கோல் இல்லாமல் மேடைக்கு வந்து, முழங்காலிட்டு, அந்தப் பட்டைத் அங்குலம் அங்குலமாகத் தடவிக் கடைசியில் ஒரு மடிப்புக்குள் மகளைக் கண்டெடுத்தாள். ஒரு கிராம்பின் உயரம் இருந்தாள். நிலையில் கோடு போட வந்தவனிடம், "எங்கடா போடுவ?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தையல் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த நாட்களில் ஊர் தன் பங்கைச் செய்தது. நகராட்சி எர்கோலேவின் இடத்தில் பித்தளைத் தகடு அடித்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் நெரினாவுக்கு ஒரு கட்டில் செய்து அனுப்பினார். பாதிரியார் வந்து, குடிலில் மேலே தொங்கும் தேவதைக்கு இவ்வளவு பொருத்தமான அளவு கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இடைவேளையில் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினால் என்ன என்று சில்வானோ ஆள் அனுப்பினான். கடையில் கூட்டம் தாங்கவில்லை. எர்கோலே மார்பை நிமிர்த்திக்கொண்டு கறி வெட்டினார், சாப்பாட்டைத் துல்லியோ வீட்டிலேயே முடித்துக்கொண்டார், தன் வீட்டு மேஜைப் பக்கம் போகாமல் காலத்தைத் தள்ளினார். அப்புறம் ஒரு காலையில் கொக்கியில் தொங்கிய ஆட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார், கடையைச் சாத்தினார், வீட்டுக்கு நடந்தார்.

ஃபௌஸ்தா ஜன்னலோரம் கையுறை ஒன்றின் சுண்டுவிரலை வெட்டிப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் நெரினா நின்றிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. கேலரியின் கம்பியோரத்திலிருந்து ஒரு பிசகைப் பிடிக்கும் அந்தக் காதுக்கு ஒன்றுமே எட்டவில்லை.

"என்ன பாடறா?" என்றார் எர்கோலே.

"அதே பாட்டுதான். அன்னிக்கிலேர்ந்து அதேதான். எங்க தப்புன்னு தேடறா."

எர்கோலே இடது உள்ளங்கையை மேஜைமேல் நீட்டினார். நெரினா அதைப் பார்த்தாள், சுருக்கங்களைப் பிடித்து ஏறி, நடுவில் போய் நின்றாள். அவர் கையை மெல்லத் தூக்கிக் காதோடு ஒட்டினார்.

கேட்டது. கொசுவின் ரீங்காரத்தைவிடச் சன்னமாக, ஆனால் முழுசாக, கப்பலும் கரையும் காதலனுமாக அந்தப் பாட்டு காதுக்குள் வந்தது. பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை, துல்லியோ இல்லை, தூரக்கண்ணாடி இல்லை, கழிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. கடைசிச் சுரத்தை அவள் பிடித்தாள். அது மயிரிழைகூடத் தாழவில்லை. அன்றும் தாழவில்லை. அன்றும் அது இதே சுரம்தான் என்பது எர்கோலேவுக்குத் தெரிந்தது, தெரிந்தபோது கசாப்புக்கடையில் அத்தனை வருஷம் நின்ற மனிதர் முதன்முறையாகத் தன் கையின் வாடை தாங்காமல் முகத்தைச் சுளித்தார்.

கையைக் காதிலிருந்து இறக்கிப் பார்த்தார். நெரினா தலைகுனிந்து நின்றிருந்தாள். தீர்ப்பு வரும்வரை நகரக்கூடாது.

"தங்கம், சரியாப் பாடினடீ! அன்னிக்கும் சரியாத்தான் பாடின!" என்று எர்கோலே கதறினார். அந்த இடியில் அவள் தடுமாறி விழுந்தாள், எழுந்து மறுபடி தலைகுனிந்தாள். கைதட்ட வேண்டும். தட்டுவதற்கு இருந்த இரண்டு கைகளில் ஒன்றின்மேல் அவள் நின்றிருந்தாள். கையை மேஜையில் சாய்த்து இறக்கிவிடப் பார்த்தார். அவள் அவருடைய கட்டைவிரலை இறுகக் கட்டிக்கொண்டாள், மேடையை விட்டுப் போகக்கூடாதல்லவா.

"ஃபௌஸ்தா, நீ தட்டு! உன்னைக் கும்பிடறேன், நீயாவது தட்டு!"

"அன்னிக்கிலேர்ந்து தட்டிட்டுதான் இருக்கேன்," என்றாள் ஃபௌஸ்தா, தலையைத் தூக்காமல். "என் கைதட்டு அவளுக்கு எதுக்கு?"

எர்கோலே வேறு வழி தெரியாமல் வலது கையால் மேஜையைத் தட்டினார். தட்டினார், தட்டினார், கண்ணீர் தாடையில் சொட்ட, ஒரு வாழ்நாளுக்கு வைத்திருந்த கைதட்டையெல்லாம் அந்தப் பலகைமேல் கொட்டுகிறவராக விடாமல் தட்டினார்.

நெரினா நிமிர்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் நடுவுக்குத் திரும்பி நடந்தாள், சரி அப்பா என்பதுபோல ஒருமுறை தலையாட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள்.